பத்துக்கு எட்டு

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வண்டி வந்து நிற்கும். சத்தம் கேட்டதும் என் மனைவி கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவாள். மழைக்காக அல்ல. மாட்டை அவிழ்த்துக் கட்டுத்தரைக்குள் கொண்டுபோவது என் வேலை. ஞாயிறு இருட்டுகிறவரை வேலிக்குக் கிழக்கே குடியிருக்கிற ஜீவராசிகள் எல்லாம் கொஞ்சம் குனிந்த வாக்கில்தான் நடமாட வேண்டும்.

தாராபுரம் பக்கம் இப்போது பத்துக் காட்டுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனி. இங்கே ஐந்து ஏக்கர். நடுவில் ஊஞ்சல் கட்டிய பண்ணை வீடு. நாட்டுக்கோழி வளர்ப்பார், நாலு மாதத்தில் விட்டுவிடுவார். மீன் குட்டை வெட்டுவார், மூடுவார். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அப்படி ஒருவர். நிலம் கிரயம் முடிந்த அன்று என்னிடம் வந்து, "இனிமே ஏர் புடிச்சுப் பொழைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டனுங் வாத்தியாரே" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. பிடித்தது ஏர் கன்.

இவர் குறி பார்க்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாதவராக இருந்தால் ஒரு மாதத்தில் சலித்துப்போய்த் தேனீ வளர்க்கப் போயிருப்பார். இவர் நன்றாகவே சுடுவார். அதுதான் தொல்லை. வேலியில் இருபதடிக்கு ஒரு கல்லுக்கால் நிற்கிறது. ஒவ்வொரு கல்லுக்கால் தலையிலும் ஒரு காலிக் குப்பி வைப்பார். திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து... டப். குப்பி சிதறும். பத்து முறை முடிந்ததும் எழுந்து வேலியோரம் வந்து, கிளுவைக் கிளைகளை விலக்கித் தலையை நீட்டுவார்.

"ஏனுங் வாத்தியாரே, பத்துக்கு எட்டு!"

முப்பத்திரண்டு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் நான். பத்துக்கு எட்டு என்று எவன் வந்து நின்றாலும் "மீதி ரெண்டு?" என்றுதான் வாய் வரும். கேட்டேன்.

"எந்த ரெண்டுங்?"

"படாத ரெண்டு."

"அது கணக்குல வராதுங்."

அங்கே ஆரம்பித்தது எங்கள் வழக்கு. அவர் எட்டை எண்ணுகிறவர். நான் இரண்டை எண்ணுகிறவன். ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் எட்டோடு வருகிறார். நான் இரண்டைக் கேட்கிறேன். ஒரு தடவை "மண்ணுக்குள்ள போயிருக்குமுங்" என்றார். ஆடி மாதத்தில், "பாலக்காட்டுக் கணவாய்க் காத்து தள்ளிருச்சுங்" என்றார். காற்று அவர் பக்கமிருந்து என் பக்கம் வீசுகிறது என்பதை அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு சித்திரை வெயிலில், "அந்தச் சூட்டுக்குக் கரைஞ்சிருக்கும்" என்றார். ஈயம் கரைய 327 டிகிரி வேண்டும் என்றேன். "இன்னைக்கு அவ்வளவு இருக்குமாட்டத்தானுங் இருந்துச்சு" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இரண்டும் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும். ஒன்று மாடித் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. ஒன்று போர்வெல் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில். முருங்கைக் காட்டில் நிற்கிற வெருளிப் பொம்மை மார்பில் மட்டும் ஏழு காயம் வாங்கியிருக்கிறது. பழைய காலமாக இருந்தால் இந்நேரம் அதற்கு நடுகல் நட்டிருப்பார்கள். தொட்டியில் கிடைத்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். நடுவே இடுப்பு சிறுத்து, உடுக்கையைச் சுருக்கியது போல அழகாகத்தான் இருந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம பாட்டிமாருக ஈயச் சொம்புல ரசம் வெச்சுத்தானுங்க நூறு வயசு இருந்தாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். ஐயா, அது வெள்ளீயம். இது காரீயம், விஷம். அவரிடமும் சொன்னேன். "ரெண்டும் ஈயந்தானுங்களே" என்றார். எட்டாம் வகுப்பில் இதையே சொன்ன பையனை வெளியே நிறுத்தியிருக்கிறேன். இவரை எங்கே நிறுத்துவது? அவர் ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம்.

சரி, துப்பாக்கியை விடச் சொல்லவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இவ்வளவுதான் என் கோரிக்கை. கிழக்கே பார்த்துக் கிடக்கிற ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிடித்துத் தூக்கினால் இரண்டு கிலோ இருக்குமா?

மேற்கே திருப்ப முடியாதாம். சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும், குறி தப்பிவிடும், தப்பினால் ஆபத்தாம். வடக்கே அவருடைய வண்டி நிற்கிறது. வண்டியை நகர்த்தலாமே என்றால், நிழல் அங்கேதான் விழுகிறது. தெற்கே? "தெக்கு எமன் தெசைங். அங்க பாத்துத் துப்பாக்கியைப் புடிக்கலாமுங்களா?" வாஸ்துக்காரர் கிழக்கைத்தான் சொன்னாராம். கிழக்கே பார்த்து எதைத் தொடங்கினாலும் விருத்தியாம். அந்த வாஸ்துக்காரரை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

நாற்காலி வேண்டாம், குப்பிகளுக்குப் பின்னால் ஒரு மண்மேடு போடுங்கள் என்றேன். ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு டிராக்டர் மண், கல் இல்லாத மண். குண்டு அதில் புதைந்து நின்றுவிடும். குப்பி நிறுத்தாது, கல்லுக்கால் நிறுத்தாமல் தெறிக்கவிடும். கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில் இந்த இனத்தார் எல்லாருக்கும் பொதுவானது:

"பயப்படாதீங்க வாத்தியாரே. இது லைசென்ஸ் தேவையில்லாத துப்பாக்கிங்."

இந்த ஒரு வாக்கியத்தை இரும்புக் கவசம்போல எனக்கு மாட்டிவிட்டுப் போய்விடுவார். உண்மைதான். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்குள், 4.5 மில்லிமீட்டர் துளைக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாம் என்றுதான் விதி சொல்கிறது. ஓட்டை போடாது என்று சொல்லவில்லை. அரை கிராம் ஈயம் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வந்தால், கண்ணுக்கு நேரே வருகிறபோது உரிமத்தைக் கேட்டுவிட்டா வரும்? சட்டம் அவருக்குத் தெரியாமலும் இல்லை. மயில் விஷயத்தில் வக்கீல்போலப் பேசுவார். தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியல், மூன்று முதல் ஏழு வருடம் உள்ளே. அதனால் கல்லுக்காலில் மயில் வந்து உட்கார்ந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அது போகிறவரை டீ குடிப்பார். எந்தப் பட்டியலிலும் இல்லாத பிராணி வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, எட்டு விஷயமாக ஏட்டைப் பார்க்கப் போனேன்.

"லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிங்களா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் ஏட்டு.

"தேவையில்லாத துப்பாக்கிங்க."

மறுபடி சாய்ந்துகொண்டார். "யாருக்காச்சும் பட்டுச்சுங்களா?"

"இன்னும் படலீங்க."

"அப்பறம்?"

அந்த "அப்பறம்"தான் எனக்கு இன்றுவரை தூக்கத்தில் கேட்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவில் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்தாலே குற்றம் என்று இருக்கிறது. மூன்று மாதம்வரை சிறை, அல்லது 2,500 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டால் தண்டனை இன்னும் கூடும். பட்டால்தான் குற்றம் என்று இல்லை. இதையும் சொன்னேன். "அக்கம்பக்கம், பேசித் தீத்துக்குங்க வாத்தியாரே" என்றார். பேசித்தான் ஆறு வருடம் ஆகிறது.

இங்கே சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், தாத்தா வீட்டிலிருந்த பதினொரு வயதுப் பையன் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. பக்கத்திலிருந்த துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு. 2022 ஜனவரி 3ஆம் தேதி பையன் இறந்துவிட்டான். அது நிஜத் துப்பாக்கி, இது காற்றுத் துப்பாக்கி; வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் அங்கே சுட்டவர்கள் பயிற்சி பெற்ற காவல் படையினர்; சுட்ட இடம் அதற்கென்றே ஒதுக்கிய தளம். இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏப்பம் விட்டுக்கொண்டு ஒருவர் சுடுகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பறிக்கிற ஏழெட்டுப் பெண்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். அண்ணாந்த முகத்தில் கண் எங்கே இருக்கும்? போதாததற்கு உடைந்த குப்பிச் சில்லெல்லாம் மேய்ச்சல் கொறங்காட்டில். ஆட்டுக் குளம்பிலிருந்து கண்ணாடி எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று. எனக்குக் கோபம் வருகிறது. வயதானவன் புலம்பல் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தை முழுதாக வைத்துக்கொள்ளவும் அந்த மனிதர் விடுவதில்லை. போன தை மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவிக்கு மூச்சுமுட்டல் வந்தபோது, கூப்பிட்டு முடிப்பதற்குள் லுங்கியோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் அவர்தான். விடிகிறவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பேச்சு எப்படியோ கண்ணபுரம் மாரியம்மன் பண்டிகைக்குப் போனது. சித்திரையில் மாட்டுச் சந்தை கூடுமே, அங்கே. பன்னிரண்டு வயதில் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்த வருடம் அவர் அங்கே போயிருக்கிறார். பலூன் சுடுகிற கடை. கையில் இருந்த காசு பஸ்ஸுக்கு மட்டும். இருட்டுகிறவரை ஓரமாக நின்று, மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"ஒருத்தனும் பத்துக்கு ஆறைத் தாண்டலீங். எங்கிட்டக் குடுத்திருந்தா எட்டு அடிச்சிருப்பனுங்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி போகுமா?

"தம்பி, அந்த பலூனுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?"

வெகுநேரம் யோசித்தார். "பலகைங். பலகை மேல சாக்கு."

"பலூன்காரரே பலகை வெச்சிருந்தாரில்ல? பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா 2008இல தங்கம் வாங்கினாரே, பத்து மீட்டர்ல, அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறி வெச்சு. அவருக்கே பின்னாடி குண்டைப் புடிக்கத் தடுப்பு இருந்துச்சு. அவரே மீதி ரெண்டை யோசிச்சிருக்காரு."

ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்து அழுத்தினார். அடுத்த சனிக்கிழமை நாலரைக்கு வண்டி வந்தது. பின்னாலேயே ஒரு டிராக்டர். டிப்பர் நிறையச் செம்மண். என் மனைவி கொடித் துணியை எடுக்காமல் நின்று பார்த்தாள். மாட்டை நானும் அவிழ்க்கவில்லை.

ஞாயிறு காலையில் எட்டிப் பார்த்தேன். மண்ணைக் கொட்டி, மட்டம் தட்டி, தண்ணீர் தெளித்து, திண்ணைக்கு முன்னால் நாலடி உயரத்தில் அருமையான மேடை கட்டியிருந்தார்கள். மேடைமேல் அந்த நாற்காலி. கிழக்கே பார்த்து.

"நீங்க சொன்னதை நல்லா யோசிச்சனுங் வாத்தியாரே," என்று மேலிருந்தே கையாட்டினார். "குண்டு மேல பறக்கறதுதானுங்களே உங்களுக்குப் பயம்? இப்ப நான் மேல இருக்கறேன். குப்பியை வேலிக்கடியில தரையோட வெச்சாச்சு. இனிக் கீழ பாத்துத்தானுங்க போகும்!"

பௌதிகப்படி அதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் வாயடைத்து நின்றேன். சாயங்காலம் வழக்கம்போலக் கிளுவை விலகியது, தலை நீண்டது, பத்துக்கு எட்டு என்றது. நான் கேட்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மோட்டாரைப் போட்டுவிட்டு வேலியோரம் நடந்தால், முருங்கைக்குப் போகிற சொட்டுநீர்க் குழாய் நெடுகிலும் நீரூற்று. பதினாறு மில்லிமீட்டர் குழாய். குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். எட்டு ஓட்டை. மீதி இரண்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.