பனி சேர்த்த கூட்டம்

கேள்வி: கார் பந்தயத்தை முழுசாக நேரலையில் காட்ட வேண்டுமா? முக்கியக் கட்டங்களை மட்டும் தொகுத்துப் போட்டால் போதாதா?

பதில்: போதும் என்றுதான் அமெரிக்க சேனல்களும் நெடுநாள் நினைத்தன. 1979 பிப்ரவரி 18 அன்று சிபிஎஸ் சேனல் துணிந்து, டேடோனா 500 என்ற நாஸ்கார் கார் பந்தயத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை நேரலையில் காட்டியது. கிழக்கு மாநிலங்களில் அன்று கடும் பனிப்பொழிவு. வாசல் தாண்ட முடியாத ஜனம் டிவி முன்னால் உட்கார்ந்தது. விளம்பரம் செய்து சேர்க்க முடியாத கூட்டத்தைப் பனி சேர்த்துக் கொடுத்தது!

கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த டானி அலிசனும் கேல் யார்பரோவும் இடித்துக்கொண்டு சுவரில் மோதினார்கள். வெகுதூரம் பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். தோற்றவர்களுக்குள்ளோ புல்தரையில் கைகலப்பு. டானியின் அண்ணன் பாபியும் வண்டியை நிறுத்திவிட்டுக் களத்தில் குதித்தார். நாஸ்கார் பந்தயம் நாடெங்கும் பேச்சானது அதற்குப் பிறகுதான். இதையே அடுத்த வாரம் தொகுத்துப் போட்டிருந்தால், பேப்பரில் படித்த சண்டையாகத்தான் இருந்திருக்கும்.

நேரலையிலும் முக்கியக் கட்டத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்? 2005-இல் இத்தாலியின் இமோலாவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், அலோன்சோவை ஷூமாக்கர் விரட்டிய கடைசிச் சுற்றுகளின்போது பிரிட்டனின் ஐடிவி சேனல் விளம்பரத்துக்குப் போனது. ரசிகர்கள் கொதித்தார்கள். முழுக்க நியாயம்!