ஆயிரத்தில் ஒரு பங்கு

அமெரிக்கப் புறநகரில் ஒருவர் மேசை ரம்பம் வாங்கிவிட்டார் என்பதை, தெருவில் நனைந்துகொண்டு நிற்கும் அவருடைய காரே சொல்லிவிடும். கராஜில் இனி 10 அங்குல வட்டப் பிளேடுதான் குடித்தனம்.

பெட்டியைப் பிரித்ததும் அறுப்பார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். மேசையில் ஓடும் பள்ளத்துக்குப் பிளேடு இணையாக நிற்கிறதா என்று டயல் கேஜ் வைத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார். கோணினால் பலகை கருகும், சமயத்தில் ஆளை நோக்கியே பாயும். ஆகவே அளப்பது நியாயம்தான். அறுபடப்போகும் ஓக் பலகையோ கோடை ஈரத்தில் ஊதி, குளிருக்கு ஹீட்டர் போட்டதும் சுருங்கி, அந்த ஒரு பங்கைப்போல் பல மடங்கு நகர்ந்துவிடும். அதனிடம் யாரும் கேஜை நீட்டுவதில்லை.

இத்தனை நுணுக்கம் பார்த்தவர் அடுத்துச் செய்வது, பிளேடை மூடும் கவசத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டுவது. பார்வையை மறைக்கிறதாம்!

இந்த இனத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஸ்டீவ் காஸ். இயற்பியல் முனைவர், காப்புரிமை வழக்கறிஞர். விரல் பட்ட சில மில்லி நொடிகளில் பிளேடை நிறுத்தும் வழியை 1999இல் யோசித்து, விரலுக்குப் பதில் சாசேஜை அறுக்கக் கொடுத்துக் காட்டினார். பெரிய கம்பெனிகள் நழுவின. நண்பர்களோடு தாமே 'சாஸ்டாப்' தொடங்கினார். பிளேடு அப்படி ஒருமுறை நின்றால், அதை நிறுத்திய பிரேக் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் பிளேடும் குப்பைக்கு. அந்தச் செலவை விரலோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு.

மனைவி கேட்ட புத்தக அலமாரியா? வரும், வரும். இப்போதைக்கு ரம்பத்துக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு தயாராகிறது.