முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை

மலேசியத் தமிழ் ராப்பர் யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தை நான் இன்றும் வரிசை மாற்றாமல்தான் கேட்கிறேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் மாட்டிக்கொண்டால் முழு ஆல்பத்துக்கும் நேரம் கிடைத்துவிடும். “அந்த ‘மடை திறந்து’ மட்டும் போடுங்கப்பா, மத்தத தாண்டுங்க” என்பான் பின்சீட்டிலிருந்து மகன். நான் தாண்டுவதில்லை. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று பாடியவர்கள் உட்கார்ந்து யோசித்து அடுக்கியிருக்கிறார்கள். அதைக் கலைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை ரேடியோவின் பக்கம் யாரும் போகக்கூடாது. எங்கள் வீட்டில் ஓடியவை இரண்டே ரகம். ஒன்று இளையராஜா, இன்னொன்று அல்லிகேட்ஸ். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்று நடத்திய குழு அது. டேவிட்டின் பெரிய சுருட்டை முடியை இந்த நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. ‘சென்யும்லா கோலாலம்பூர்’ வானொலியில் வந்தால் அப்பா கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு நிற்பார். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் ஒரே பாட்டை முணுமுணுப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. “நம்ம பையன்கதான்” என்பார். 2007 ஜூனில் லோகநாதன் இறந்தபோது சொந்தத்தில் ஒருவரை இழந்தது போலத்தான் பேசினார்.

அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. கூடவே ஓர் ஏக்கமும் இருந்தது. நம்ம பையன்கள் பாடினார்கள், மலாயில் பாடினார்கள். தமிழில் பாடிய உள்ளூர் இசைக்குழுக்களுக்கு வேறு வேலை இருந்தது. கல்யாண விருந்திலும் கோயில் திருவிழாவிலும் சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடிக் காட்ட வேண்டும்; எஸ்.பி.பி. இழுத்த இடத்தில் இழுத்து, ஜானகி சிரித்த இடத்தில் சிரித்தால் கைதட்டல். நல்ல பாடகர்கள், நல்ல கிடார் கலைஞர்கள் எத்தனையோ பேர் அந்த மேடைகளிலேயே வயதாகிப் போனார்கள். உள்ளூர் ஆல்பங்கள் வராமல் இல்லை. என் காதுக்கு அவற்றில் பாதி சென்னையின் சாயலாகவே கேட்டன. எங்கள் தாமானில், எங்கள் ஃபிளாட்டின் படிக்கட்டில் பையன்கள் பேசுகிற தமிழ் எந்தப் பாட்டிலும் இல்லை.

முதல் அடி 1998-இல் விழுந்தது. மலாயில் கேஆர்யூ போன்ற குழுக்கள் ராப்பைப் பிரபலமாக்கி வைத்திருந்த காலம். பொயட்டிக் அம்மோ என்ற குழு ‘இட்ஸ் எ நைஸ் டே டு டை’ என்று ஓர் ஆல்பம் போட்டது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி லோக்கோ ஆகிய நான்கு பேர். ஆங்கிலம், மலாய், கன்டனீஸ், தமிழ் என்று நான்கு மொழிகளிலும் ராப் வைத்திருந்தார்கள். கோலாலம்பூரின் எந்த மாமாக் கடை மேசையிலும் கேட்கக்கூடிய கலவைதான். ஆனால் கடையில் விற்கிற கேசட்டில் அதைக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆங்கில ராப்புக்கு நடுவில் தமிழ் வந்த இடத்தை நானும் நண்பர்களும் திரும்பத் திரும்பச் சுற்றிச் சுற்றி நாடாவையே தேய்த்துவிட்டோம். அந்தக் கரகரத்த, கனமான குரல் யோகி பி-யுடையது. இந்தக் குரல் ஒரு முழு ஆல்பத்துக்கும் தமிழில் பேசினால் எப்படி இருக்கும் என்று அன்றே பேசிக்கொண்டோம். பதில் வர எட்டு ஆண்டுகள் ஆயின.

2006-இல் நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையோரம் பாட்டுக் கடைகள் வாசலில் ஸ்பீக்கர் வைத்திருந்த நாள்கள். பூக்கடை வாசமும் வாழைப்பழ பஜ்ஜி எண்ணெய் வாசமும் புதுப்படப் பாட்டும் ஒன்றாகத்தான் வரும். கடைக்குள் போய் “அண்ணே, ‘வல்லவன்’ வந்திருச்சா?” என்று கேட்டால் சிலம்பரசன் படத்து சிடியை எடுத்து நீட்டுவார்கள். அதே ஆண்டுதான் யுவன் இசையில் அந்தப் படமும் வந்தது. “அது இல்லண்ணே, நம்ம ஊரு வல்லவன்” என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். கடைக்கார அண்ணன் வேறு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்து, “இதெல்லாம் நிக்குமா தம்பி?” என்றார். நின்றதா இல்லையா என்று இந்த நாட்டில் எந்தக் கல்யாண மண்டபத்து டிஜே-யிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த ஆல்பத்தில் யோகி பி-யோடு இருந்தவர்கள் எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் இருவரும். மூன்று பேரும் சேர்ந்து இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டின் பல்லவியை எடுத்து நடுவில் தங்கள் ராப்பை வைத்தார்கள். அந்தத் தேர்வைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மூலப் பாட்டு 1980-இல் வந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்தில் உள்ளது. வாலி எழுதியது, எஸ்.பி.பி. பாடியது. படத்தில் அது வாய்ப்புக்காகக் காத்துக் கிடக்கும் ஓர் இசைக்கலைஞனின் பாட்டு. படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. சினிமா வாய்ப்பு இல்லாத, சென்னையில் ஆளே தெரியாத மூன்று மலேசியப் பையன்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ராஜாவின் ஆயிரக்கணக்கான பாட்டுகளிலிருந்து இதைத்தான் எடுத்தார்கள். இதைவிடப் பொருத்தமான பாட்டு இருந்திருக்க முடியாது. பழைய பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் பலர் கோபப்பட்டார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். அவர் பாட்டைக் கேட்டார், அந்தக் கலைஞனின் இடத்தில் இந்தப் பையன்கள் வந்து நிற்பதைக் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் ராப்புக்கு ஒத்துவராது என்று அன்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 1994-இல் ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’ வந்ததே என்றால், அது சினிமா விளையாட்டு என்பார்கள். உண்மையில் ராப் கேட்கிற எல்லாமே தமிழ்ச் செய்யுளில் இருக்கிறது. எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கும், மோனை முதல் எழுத்தில் இடிக்கும், இயைபு அடியின் முடிவில் ஒலிக்கும். ஆங்கில ராப்பர் பெரும்பாலும் நம்பியிருப்பது கடைசி ஒன்றைத்தான். வல்லின மெய் இரட்டிக்கும்போது தமிழ் தானாகவே தாளம் போடும். அதற்கு டிரம்ஸே தேவையில்லை. ‘வல்லவன்’ ஆல்பத்தில் இவர்கள் வரியின் இரண்டு முனையிலும் ஒலியைக் கட்டிப் போட்டுவிட்டு, நடுவில் எங்கள் ஊர்ப் பேச்சை ஓடவிட்டார்கள். பள்ளியில் யாப்பிலக்கணம் நடத்திய ஆசிரியரிடம் எனக்கு வராத ஆர்வம், இந்த சிடியைக் கேட்ட பிறகு வந்தது. அதற்காக மட்டுமே நான் இவர்களுக்குக் கடன்பட்டவன்.

யார் கேட்டார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறி, தோட்டத்துக் குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த பிறகு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கேட்டார்கள். ஊருக்கு அவர்களைப் பற்றிப் பயம். மூன்று தமிழ்ப் பையன்கள் ஒன்றாக நின்றால் அடிதடிக் கும்பல் என்று பார்த்த காலம். 2015-இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். அந்தப் பையன்கள் கஞ்சில் காரின் பின்னால் காரைவிடப் பெரிய ஊஃபர் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தைப் போட்டார்கள். கண்ணாடி அதிர, எங்கள் தெருவில் தமிழ் அவ்வளவு சத்தமாக அதற்கு முன் கேட்டதில்லை. நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை என்று அவர்கள் வயதில் ஒருவன் அவர்கள் தமிழில் சொன்னது அதுதான் முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு, 2005-இல், லண்டனில் எம்.ஐ.ஏ. தன் அப்பாவின் பெயரில் ‘அருளர்’ ஆல்பத்தை வெளியிட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னார், இவர்கள் தமிழிலேயே சொன்னார்கள். எனக்கு இவர்கள்தான் ஒரு படி மேலே.

சென்னை சீக்கிரமே காது கொடுத்தது. 2007-இல் ‘பொல்லாதவன்’ படத்துக்காக ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டைப் புதுப்பித்தபோது யோகி பி-யின் குரலைச் சேர்த்தார்கள். அந்தப் பாட்டு 1979-இல் வந்த பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துப் பாட்டு. கமலும் ரஜினியும் இசைக்குழுக்காரர்களாகச் சிங்கப்பூருக்கு வந்து பாடுகிற கதை. தமிழ்நாட்டுக் குழு நம் பக்கம் வந்து பாடிய கதைக்கு 28 ஆண்டுகள் கழித்து, நம் பக்கத்துக் குரல் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தியேட்டரில் அந்தக் குரல் வந்தபோது நாங்கள் விசில் அடித்தோம், முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ‘ஆடுகளம்’, ‘விவேகம்’ படத்தின் ‘சர்வைவா’, ‘காலா’ படத்தின் ‘கற்றவை பற்றவை’, 2025-இல் ‘விடாமுயற்சி’ படத்தின் ‘பத்திக்கிச்சு’ என்று தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பம் பெரிய அலையாக எழுந்தபோது, அந்த அலைக்கு ஆறு ஆண்டு முன்பே இங்கே ஒரு மடை திறந்தாகிவிட்டது.

சினிமாவில் அவர் குரல் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அது ஒரு கதாநாயகன் நடந்து வருவதற்காகக் கொடுக்கப்பட்ட சில விநாடிகள். யோகி பி தனக்காகப் பேச எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்துக்கு அது ஈடாகாது. ‘வல்லவன்’ முழுவதையும் கேட்டவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இன்று பிரிக்பீல்ட்ஸ் வேறு ஊர். 2010-இல் அதை லிட்டில் இந்தியா என்று அறிவித்துத் தோரணவாயிலும் வண்ண விளக்குக் கம்பமும் வைத்தார்கள். வாசல் ஸ்பீக்கர்கள் குறைந்துவிட்டன. ரயில்வேக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளை இடித்துவிட்டார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் காலத்தில் இன்னும் பாட்டு கேட்கிறது. அது யாருடைய யூடியூப் பட்டியலோ. நல்லதும் நடந்திருக்கிறது. மகன் கைப்பேசியில் மலேசியத் தமிழ் ராப்பர்களை ஒருவர் பின் ஒருவராகக் காட்டுகிறான். ரோஷன் ஜாம்ராக் போன்றவர்கள் சென்னைப் படங்களில் பாடிவிட்டார்கள். ஒலிப்பதிவு சுத்தமாக இருக்கிறது, காணொளி எடுக்கிற திறமை பலமடங்கு கூடியிருக்கிறது. சென்னையைப் போலப் பாட வேண்டும் என்ற கட்டாயம் இந்தப் பிள்ளைகளிடம் இல்லை. “என்னா லா” என்று தொடங்குகிற பாட்டை யாரும் கேலி செய்வதும் இல்லை.

எனக்குக் கவலை ஒன்றுதான்: தனித்தனிப் பாட்டு, தனித்தனிப் பாட்டு. ஸ்பாட்டிஃபை 2013-இல் மலேசியாவுக்கு வந்தது. அதில் 30 விநாடி கேட்டால் அது ஒரு கேட்பாகக் கணக்கு. 2024 முதல், ஒரு பாட்டை 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்டிருந்தால்தான் அந்தப் பாட்டுக்குக் காசு. மலேசிய மக்களில் 100-க்கு சுமார் 7 பேர்தான் இந்தியர்கள். அவர்களில் தமிழ் ராப் கேட்பவர்கள் எத்தனை பேர், அதில் ஆல்பத்தின் ஏழாவது பாட்டுவரை வருபவர்கள் எத்தனை பேர்? முதல் பாட்டு எப்படியோ தேறிவிடும். ஏழாவது பாட்டு தேறாது. தேறாத பாட்டை யார் எழுதுவார்கள், யார் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் காசு கட்டுவார்கள்? ஏழாவது பாட்டில்தான் ஒரு கலைஞன் கைதட்டலைப் பற்றி நினைக்காமல் பேசுகிறான். எல்லாரும் முதல் பாட்டையே எழுதிக்கொண்டிருந்தால் நமக்குக் கிடைப்பது எந்நேரமும் வாசலில் நின்று கூப்பிடுகிற குரல் மட்டும்தான்.

அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. போன ஆண்டு கிள்ளானில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் டிஜே ‘வல்லவன்’ ஆல்பத்து ‘மடை திறந்து’ போட்டபோது அவரும் மேசையில் தாளம் தட்டினார். “இது அந்தப் பையன் பாடினதுதானே?” என்று கேட்டார். ஆமாம்பா என்றேன். “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

யோகி பி-யிடம் ஒரு ரசிகனாக நான் கேட்பது இன்னொரு முழு ஆல்பம். ஐம்பதைத் தாண்டிய மலேசியத் தமிழனுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று அந்தக் குரலில் கேட்க எனக்கு ஆசை. வாசகர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அடுத்த முறை நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது ஆல்பம் போட்டால், முதல் பாட்டோடு நிறுத்தாமல் கடைசிவரை கேளுங்கள். நிகழ்ச்சியில் சிடியோ டி-சட்டையோ விற்றால் காசு கொடுத்து வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அவர்களுக்கே எழுதுங்கள். ஏழாவது பாட்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.