பல்லைப் புடிச்சுப் பாக்காம வாங்கின மாடு

வா கண்ணு, வா. அந்தக் கயித்துக் கட்டல்ல உக்காராத. போன நோம்பிக்குத்தான் புதுக் கயிறு போட்டது, நீ உக்காந்தா தாங்காது. திண்ணையில உக்காரு.

ஊரெல்லாம் உன்ற நாயந்தான். நிஸான் 370-இசட்டாமா, செகண்ட் ஹேண்டாமா, ரெண்டே பேரு உக்கார்ற காராமா. நல்ல ரோசனை. ஒறம்பரை ஊட்டுக்குப் பொறப்பட்டா நானும் வாரேன்னு ஒருத்தன் கேக்க முடியாதல்ல. அதுலயும் கியர் போட்டு ஓட்டற வண்டி. ஊருல எல்லாரும் கியர் இல்லாத வண்டியாத் தேடறாங்க, உனக்கு மட்டும் இடது காலுக்கு வேலை வேணும். அதையும் குத்தம் சொல்ல மாட்டேன். அந்தக் காலுக்கு வேலை தெரியல, அவ்வளவுதான்.

சிக்னல்ல பச்சை உழுந்தவுடனே பக்கத்துல நின்ன டவுன் பஸ்ஸு உன்னைத் தாண்டிப் போயிருச்சாமா? பால் ஊத்தற பையன் பாத்துட்டு வந்து சொன்னான். "அப்பாரு, சத்தமும் பொகையும் அண்ணனோடது, போனது பஸ்ஸு"ன்னான். கண்ணால பாத்ததைச் சொல்றவனை என்னத்த வையறது?

இப்பப் பவர் பத்தலைன்னு எங்கிட்ட வந்து நிக்கற. இன்ஜின் கம்ப்யூட்டர்ல என்னமோ மாத்தி எழுதினா இருவது குதிரை எச்சா வருமாமா, லட்ச ரூவாய்க்கு மேல ஆகுமாமா. பண்ணு சாமி. அந்தக் கடைக்காரனும் புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டோணுமல்ல. சைலன்சரையும் மாத்திரு, நீ வாரதுக்கு முன்னாடியே உன்ற சத்தமாவது வந்து சேரட்டும். பின்னாடி ரெக்கை ஒண்ணு மாட்டு. வண்டி நல்ல வேகம் புடிச்சாத்தான் அது காத்தை வாங்கி அமுக்கும். நிக்கற வண்டிக்கு ஒரு பிரயோசனமும் கெடையாது. ஆனா உங்காத்தா துண்டு காயப்போட ஆகும்.

நான் படிச்சது மூணாப்பு. ஆனா பீளமேட்டுப் பட்டறையில முப்பது வருஷம் பல்சக்கரம் வெட்டினவன். நேத்து ராத்திரி தூக்கம் வரல. காலண்டர் தாளுக்குப் பின்னாடி உன்ற வண்டிக்கு ஒரு கணக்குப் போட்டேன். மொத கியர் 3.79, பின்னாடி அச்சுல 3.69. பெருக்கினா 14. இன்ஜின் குடுக்கற முறுக்கு பதினாலு மடங்காப் பெருகிச் சக்கரத்துக்குப் போகுது. வண்டி எடை ஏறக்கொறைய 1,500 கிலோ, அதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மிதான் பின்சக்கரத்து மேல இருக்குது. கெளம்பறப்ப மூக்கைத் தூக்குமல்ல, அப்பக் கொஞ்சம் எடை பின்னால சாயும், அதையும் சேத்துக்கிட்டேன். அப்படியும் மொத கியர்ல இன்ஜின் தள்ளற தள்ளு, டயரு ரோட்டைப் புடிக்கற புடியை விட ஒன்றரை மடங்கு வருது. இருக்கற முந்நூத்திச் சொச்சம் குதிரையவே தரைக்கு எறக்கத் தெரியாம பொகையா உட்டுட்டு இருக்கற. இன்னும் இருவது குதிரை வாங்கி என்ன பண்ணப் போற? பொகையைத் தடிமனாக்கவா?

ரேக்ளாவுக்குக் காங்கேயங்காளை வாங்கப் போனா மொதல்ல எதைப் பாப்பாங்க? கொம்புக்கு அடிச்ச பெயிண்டையா? வாயைத் தொறந்து பல்லைப் புடிச்சுப் பாப்பாங்க. டயருக்கும் பல்லு இருக்குது கண்ணு. ஓரத்துல டி.ஓ.டி.ன்னு போட்டு, அந்த வரிசைக் கடைசியில நாலு நம்பரு இருக்கும். காத்தால நீ தூங்கறப்ப பொட்டாட்டப் போயி டார்ச் அடிச்சுப் பாத்தேன். 4214. அப்படின்னா 2014-ஆம் வருஷம் 42-ஆவது வாரத்துல பொறந்த டயர். வித்தவன் கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளன்னு நிறுத்தியிருக்கான், நீ கொம்பைப் பாத்து ஓட்டிட்டு வந்துட்ட. "பட்டன் தேயவே இல்லீங் அப்பாரு"ங்கற. தேயாது கண்ணு, அந்த ரப்பரு காஞ்சு மாட்டுக் கொளம்பாட்ட ஆயிருச்சு, எப்படித் தேயும்? குதிரை வாங்க வெச்சிருக்கற காசுல நாலு டயரு வாங்கு. மெத்துனு, ரோட்டோட ஒட்டற ரகமாக் கேளு. காத்தும் கதவோரம் ஒட்டியிருக்கற அளவுக்கு இருந்தாப் போதும், வாடகை சைக்கிளாட்ட கிண்ணுனு அடிச்சு வெக்காத.

அடுத்தது உன்ற இடது காலு. நீ கவலை எறைச்சுப் பாத்ததில்ல. கெணத்துல சாலு முங்கிக் கெடக்கும், வடக்கயிறு நுகத்தடியில இருக்கும், மாடு வாரியில எறங்கி இழுக்கோணும். எடுத்தவுடனே வாலை முறுக்க மாட்டோம். மாட்டை மெல்ல ஒரு எட்டு வெக்க உடுவோம். தொங்கிட்டு இருந்த வடம் இறுகும், தண்ணிக்குள்ள சாலு அசையறது கைக்குத் தெரியும். அதுக்கப்பறந்தான் ஹை-ன்னு ஒரு அதட்டு. அவசரப்பட்டவன் வடத்தை அத்துக்கிட்டு, அன்னைக்குப் பூரா கெணத்துக்குள்ள எறங்கிச் சாலு தேடுவான்.

கிளட்சும் அதேதான். சமதரையில, ஆக்சிலேட்டரைத் தொடாம, பெடலை மெல்ல உட்டு வண்டி எந்த எடத்துல அசையுதுன்னு இருவது தடவை பாரு. அதுதான் வடம் இறுகற எடம். அது காலுக்குப் படிஞ்சதுக்கப்பறம், இன்ஜினை மூவாயிரம் சுத்துல நிறுத்திப் பெடலை அந்த எடத்துக்குக் கொண்டா. வண்டி உருள ஆரம்பிச்சதும் மிச்சத்தையும் உட்டு, வலது காலை அமுக்கு. மூவாயிரம்னா மூவாயிரமே இல்ல, தரைக்கும் டயருக்கும் தகுந்தாப்புல இருநூறு முந்நூறு கூட்டிக் கொறைச்சுப் பாரு. சக்கரம் வழுக்கவே கூடாதுன்னும் இல்ல. வண்டி போற வேகத்தை விடச் சக்கரம் பத்துப் பதினஞ்சு சதவீதம் எச்சாச் சுத்தறப்பத்தான் டயரு கெட்டியாப் புடிக்கும். சன்னமா மொனகினாச் சரி. ஒப்பாரி வெச்சா பஸ்ஸுக்கு வழி உட்டுரு. அப்படி வழுக்கறப்ப வலது காலைத்தான் தளத்தோணும், கிளட்சை மறுபடி மிதிச்சு மறுபடி உடக் கூடாது. தீஞ்ச வாசம் வரும். மூணு தடவை கெளம்பினயின்னா கால்மணி நேரம் ஆறப்போடு. இல்லாட்டி ஆறப்போடாமயே பண்ணு, கிளட்ச் பிளேட் விக்கறவன் நம்ம ஒறம்பரைதான், அவனும் இந்த வருஷம் ஊட்டுக்கு மேல மாடி எடுக்கோணும்ங்கறான்.

கியருக்கும் அந்தக் காலண்டர் தாள்லயே கணக்கு இருக்குது. மொத கியர்ல 7,500 சுத்து வரைக்கும் உட்டா 68 கிலோமீட்டர் வேகம் வரும், ரெண்டாவதுல 111. அப்ப நூறைத் தொட எத்தனை தடவை மாத்தோணும்? ஒரே தடவை. நீ அம்பதுலயே ரெண்டு போட்டு, எம்பதுலயே மூணு போடறயாமா. இன்ஜின் கத்தறது பயமா இருக்குதா, இல்ல பாக்கற புள்ளைகளுக்குக் கை ஆடறது தெரியோணுமா? அந்த இன்ஜினுக்குப் பலமே மேல்சுத்துலதான். ஒருக்கா கியர் மாத்தற நேரம் அரை நொடிக்குக் கிட்ட ஆகும், அம்புட்டு நேரமும் வண்டியைத் தள்ள ஆளில்லாம சும்மா உருளுது. குச்சியைக் கழுத்தை நெரிக்கறாப்புல புடிக்காத, உள்ளங்கையில தாங்கி நேரா இழு. மூணுக்குப் போறேன்னு பதறி ஒண்ணுல போட்டயின்னா இன்ஜின் சுத்தக் கூடாத சுத்துச் சுத்தி வால்வெல்லாம் வளைஞ்சுரும். அப்பறம் முன்னாடி ஒரு சோடி காளையைக் கட்டிக்கலாம். ரேக்ளாவுல 200 மீட்டருக்கும் போட்டி இருக்குது, 300-க்கும் இருக்குது, எதுல சேத்துவாங்கன்னு வேணா கேட்டுச் சொல்றேன்.

காசே இல்லாம நேரம் கொறைக்கற வழியும் ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல காருப் பத்திரிகைக்காரங்க, வண்டி ஓரடி உருண்டதுக்கப்பறந்தான் கடிகாரத்தை ஓட உடறாங்க. அவங்க ஊரு டிராக் பந்தயத்துல வந்த வழக்கம் அது. அந்த ஓரடிக்கே கால் நொடிக்கு மேல ஆகும். உன்ற போன்லயும் அதுக்கு ஒரு பொத்தான் இருக்குமாமா. அமுக்கிக்க. வண்டி வேகமாகாது, டீக்கடையில நீ சொல்ற நாயம் வேகமாகும்.

இதையெல்லாம் அவிநாசி ரோட்டுல காட்டாத. அங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைக குறுக்க வரும். செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்குது, அனுமதி வாங்கிட்டு அங்க போ. எங்க காலத்துல பந்தயம் பாக்கோணும்னா மெட்ராசுக்கு அக்கட்டால சோழவரத்துக்கு ரயிலேறோணும், சண்டைக் காலத்துல போட்ட விமானத் தளத்துல நடக்கும். இப்ப உனக்கு ஊட்டு வாசல்ல இருக்குது. கரின்னா அடுப்புக்கரி இல்ல, கரிவரதன் பேரு. மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜினைத் தூக்கி ஒத்தை ஆளு உக்கார்ற கூட்டுக்குள்ள வெச்சு, ஃபார்முலா மாருதின்னு பந்தய வண்டி கட்டின மனுசன். 1995-ல விமான விபத்துல போயிட்டாரு. உன்ற இன்ஜின் 3.7 லிட்டரு. அவரு வெச்சது முக்கா லிட்டருக்குச் சித்தெ மேல. வண்டி எடையைக் கொறைச்சாரு, அதுவே பறந்துச்சு. காத்தால வெள்ளனப் போ, குளுந்த காத்து கனமா இருக்கும், இன்ஜினுக்கு ஆகும். கூட்டாளிகளைக் கூட்டிக்கிட்டு ஊட்டிக்குப் போயி ஓட்டிக் காட்டாத. அங்க 2,240 மீட்டர் ஒசரத்துல காத்து அஞ்சுல ஒரு பங்கு கம்மி, உனக்கு டர்போவும் கெடையாது.

எடைன்னதும் ஞாபகம் வருது. டிக்கியில கெடந்ததையெல்லாம் அள்ளி வீசிட்டயாமா, ஜாக்கியைக் கூட. டேங்க்ல மட்டும் 72 லிட்டர் பெட்ரோலை ரொப்பி வெச்சிருக்கற, அதுவே அம்பது கிலோவுக்கு மேல. மொத கியர்ல எடை கொறைஞ்சா டயரோட புடியும் கூடவே கொறையும், சரிக்குச் சரி. ரெண்டாவது கியருக்குப் போனாத்தான் எடை கொறைச்ச ருசி தெரியும். அதுக்காக ஏசியைக் கழட்டறேன், சீட்டைக் கழட்டறேன்னு ஸ்பேனரைத் தூக்காத. பெரிய எடை எங்க உக்காந்திருக்குதுன்னு நான் வேற சொல்லோணுமா? போன வாரம் ரைஸ்மில் தராசுல ஏறி நின்னயல்ல, 96. உனக்கப்பறம் நானும் ஏறினேன், 51.

அதனால நாளைக்குக் காத்தால அஞ்சு மணிக்குச் சாவியை எங்கிட்டக் குடுத்துரு. லைசென்ஸு போன மாசமே புதுப்பிச்சுட்டேன், உங்கப்பனுக்குத் தெரியாது. பெட்ரோலு கால் டேங்க் போதும். உங்காத்தா கேட்டா வெதை வெங்காயம் வாங்கப் போறோம்னு சொல்லு. ஹெல்மெட் ஒண்ணு கொண்டா, சின்னதா. நீ கோட்டுல நின்னு போன்ல நேரம் புடி. அந்த ஓரடிப் பொத்தானை மட்டும் எனக்கு அமுக்காத.