குடும்பஸ்த பேச்சுலரின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஜித்தாவில் 17 வருடமாகக் கணக்கெழுதும் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆசாமி.
பெறுநர்: அப்ஹுர் பக்கத்துத் தனியார் கடற்கரை நிர்வாகத்தார். (பெயர் எதற்கு? மதில் உயரத்தை வைத்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.)
பொருள்: செங்கடலில் கால் நனைக்க அனுமதி கோருதல் தொடர்பாக.

ஐயா,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் வாசலுக்கு வந்திருந்தேன். காவலுக்கு நின்ற நேபாளத்துத் தம்பி என் இக்காமாவை, அதாவது குடியிருப்பு அனுமதி அட்டையை, வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “பேமிலி?” என்றார். ஊரில் இருக்கிறது என்றேன். நம்பட்டும் என்று போனில் படமும் காட்டினேன். மனைவி, மகள், மகன், போதாததற்கு மாமியார். தம்பி படத்தை மரியாதையாகத்தான் பார்த்தார். “நல்ல பேமிலி சாப். ஆனால் நீங்கள் பேச்சுலர்” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த ஊரில் பேச்சுலர் என்றால் கல்யாணம் ஆகாதவன் என்று பொருளில்லை, மனைவியைக் கையோடு கூட்டிவராதவன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டு புரோக்கர் முதல் பூங்கா வாட்ச்மேன் வரை சொல்லித்தான் தந்திருக்கிறார்கள். ஆனால் நான் எப்போதும் பேச்சுலராக இருந்தவனல்ல. 2014இல் இதே வாசல் வழியாக முழுக் குடும்பஸ்தனாக உள்ளே வந்திருக்கிறேன். அந்த நாளின் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

அன்று என் மனைவி ஜித்தா வழக்கப்படி கறுப்பு அபாயாவில் வந்திருந்தாள். மதிலுக்கு வெளியே முத்தவ்வாக்கள் என்ற மதக் காவலர்கள் வண்டியில் சுற்றிய காலம் அது. அபாயா இல்லாமல் அப்போது தெருவில் நிற்க முடியாது. உங்கள் வாசலுக்குள் கால் வைத்ததும் ஓர் அம்மா ஓடிவந்து, அபாயாவைக் கழற்றுங்கள், உள்ளே அதற்கு அனுமதி இல்லை என்றார். கழற்றினாள். உள்ளே சுங்குடிப் புடவை. சரி, கடலில் இறங்கலாம் என்று முழங்கால் தண்ணீர் வரை போயிருப்பாள். விசில்! புடவையோடு இறங்கக்கூடாதாம், நீச்சலுடை வேண்டுமாம். திருச்செந்தூர்க் கடலில் முழுப் புடவையோடு மூன்று முங்கு போட்டு எழுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? கரையேறி வந்து உட்கார்ந்தவள், “ஏங்க, வெளிய மூடலைன்னா திட்டுறாங்க, உள்ள மூடினா திட்டுறாங்க. என் துணியை நான் எங்கதான் உடுத்துறது?” என்று கேட்டாள். ஆளுக்கு 100 ரியால் கட்டியவன் என்பதால் அந்தக் கேள்வி எனக்கு இரட்டிப்பாக வலித்தது.

அன்று உடையால் மாட்டிக்கொண்டது நாங்கள் மட்டுமல்ல. வெள்ளைத் தோப் அங்கி அணிந்து வந்த ஒரு சவூதிக்காரரை எங்கள் கண்ணெதிரே வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். அவர் நாடு, அவர் கடல், அவர் உடை. மதிலோ உங்களுடையது. இரண்டு பக்கமும் ஒரே உப்புத் தண்ணீர்தான். ஊர்க்கடலைவிட இங்கே கொஞ்சம் கூடுதலாகக் கரிக்கும், அவ்வளவுதான். ஒழுக்கம் மட்டும் ஹாலோபிளாக் மதிலோடு நின்றுபோய், அதற்கு அந்தப் பக்கம் டிக்கெட்டாக மாறிவிடுகிறது. கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் இந்த இனத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் பேச்சுலரான கதைக்கு வருகிறேன். 2017 ஜூலையில் வெளிநாட்டுக்காரரின் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் என்றார்கள். அடுத்த வருடம் 200, அதற்கடுத்து 300, பிறகு 400. மனைவி, இரண்டு பிள்ளைகள். 300 வந்தபோது மாதம் 900, வருடத்துக்கு 10,800. இக்காமா புதுப்பிக்கும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். 2019இல் மூவருக்கும் ஃபைனல் எக்சிட் அடித்து ஊருக்கு அனுப்பினேன். விமான நிலையத்திலிருந்து திரும்பி வரும் வழியில், தாலி கட்டிய பதினைந்தாம் வருடத்தில், நான் பேச்சுலர் ஆனேன்.

அதே 2019 செப்டம்பரில் சுற்றுலா விசா வந்தது. வெளிநாட்டிலிருந்து ஜோடியாக வருகிறவர்கள் கல்யாணச் சான்று காட்டாமலே ஓட்டலில் ஒரே அறை எடுக்கலாம் என்றும் அறிவித்தார்கள். நல்லது, எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் கல்யாணமே ஆகாதவர்கள் ஜோடி ஆகிவிட்டார்கள், கல்யாணமாகி இரண்டு பெற்றவன் ஒண்டிக்கட்டை. டிசம்பரில் உணவகங்களில் குடும்பத்துக்குத் தனி வாசல் வைக்கவேண்டிய கட்டாயமும் போனது. 2024 மே மாதம் இதே செங்கடலோரத்தில், வடக்கே ஒரு விடுதியில், நீச்சலுடை அணிவகுப்பே நடந்தது. முத்தவ்வாக்களுக்கோ கைது செய்யும் அதிகாரம் 2016லேயே போய்விட்டது. மொத்த நாடும் மாறிவிட்டது. மாறாதது உங்கள் வாசலில் கேட்கும் அந்த ஒற்றைக் கேள்விதான்.

பொதுக் கடற்கரையான கார்னிஷ் இருக்கிறதே, அங்கே போயேன் என்பீர்கள். போகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, ரூமில் உடனிருக்கும் கடலூர்க்காரருடன் பாறைமேல் உட்கார்ந்து சுலைமானி டீ குடிக்கிறோம். பக்கத்தில் கம்பளம் விரித்த சவூதிக் குடும்பங்கள் சில நாள் பேரீச்சம்பழம் நீட்டும். எங்களை யாரும் பேமிலியா என்று கேட்பதில்லை. ஆனால் பவளப்பாறை மீன்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கடலூர்க்காரருக்கு ஒரு பைத்தியம். மீன்பிடி ஊரில் பிறந்தவருக்கு உயிருள்ள மீனைச் சும்மா பார்க்க ஆசை. உங்கள் பக்கத்துத் தண்ணீர்தான் அதற்குத் தோது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, தாங்கள் தயைகூர்ந்து, மனைவி கையொப்பமிட்ட ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் கொண்டுவருகிறவர்களை “தொலைதூரக் குடும்பம்” என்ற பிரிவில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி தயார். கையொப்பம் போட ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறாள்.

2014இல் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று உங்கள் வாசலில் எங்கள் புளியோதரை டப்பாவை வாங்கி வைத்தீர்கள். திரும்பும்போது கேட்டால், ஷிப்ட் மாறிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். எவர்சில்வர் டப்பா, நீல மூடி. அடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும், அவள் அம்மா வீட்டுச் சீர். சோறு போனால் போகட்டும், டப்பாவை மட்டும் தேடி எடுத்து வையுங்கள். அடுத்த வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன். வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி பேச்சுலர்.