நாற்பது ஆள் கணக்கு

கேள்வி: நெப்போலியன் படை என்றால் பிரெஞ்சுக்காரர் படைதானே? அதில் ஜெர்மானியர் எப்படி வந்தார்கள்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது, அம்மா. சின்னதும் பெரியதுமாகப் பல அரசுகள் இருந்தன. 1806 ஜூலை 12-இல் அவற்றில் பதினாறு அரசுகள் நெப்போலியனோடு ஒப்பந்தம் போட்டு ‘ரைன் கூட்டமைப்பு’ ஆயின. போர் வந்தால் யார் எத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டது: பவேரியா 30,000, வுர்ட்டெம்பெர்க் 12,000, பாடன் 8,000, பெர்க் 5,000, ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட் 4,000, நாசாவும் மற்ற சிற்றரசுகளும் சேர்ந்து 4,000. மொத்தம் 63,000 பேர். பிறகு சேர்ந்த சாக்சனியின் பங்கு 20,000. ஆளைத் திரட்டி, உடுப்பு தைத்து, பழக்கி அனுப்புவது அந்தந்த அரசின் பாடு. அவர்கள் எந்த ஊருக்குப் போய்ச் சண்டையிடுவது என்பதை முடிவு செய்தவர் நெப்போலியன்.

கேள்வி: ஆயிரம் வீரர்கூட இல்லாத குட்டி அரசுகள் என்ன செய்தன?
– பள்ளி ஆசிரியர், விருதுநகர்

பதில்: கூட்டு ரெஜிமென்ட் அமைத்தன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சாக்சன் கோமகன்கள் ஐந்து பேரின் பங்கைப் பாருங்கள்: கோத்தா 1,100, வைமர் 800, கோபுர்க் 400, மைனிங்கன் 300, ஹில்ட்பர்க்ஹவுசன் 200. ஆக 2,800 பேர். ஐந்து வீட்டு அரிசியை ஒரே உலையில் போட்டதுபோல, இவர்களை ஒன்றாக்கிக் கூட்டமைப்பின் 4-ஆம் ரெஜிமென்ட் என்றார்கள். இதில் உள்ள வைமர், கவிஞர் கெதே அமைச்சராக இருந்த அதே வைமர்தான். இந்த ஐந்து ஊர்ப் பையன்கள் 1807-இல் கோல்பெர்க் முற்றுகையில் நின்றார்கள். 1809-இல் டிரோல் மலைக் கணவாயில் விவசாயிகளின் துப்பாக்கிக்கு இரையானார்கள். 1810-இல் ஸ்பெயினின் கட்டலோனியா, 1812 முடிவில் லித்துவேனியாப் பனி. ஒவ்வொரு முறையும் ரெஜிமென்ட் கரைந்துபோகும். கோமகன்கள் மறுபடி ஆள் பிடித்து நிரப்புவார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது எண்ணிக்கை மட்டும்தான். அந்த எண் நிரம்பியிருந்தால் போதும், முந்தைய 2,800 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்க ஒரு வரிகூட அதில் இல்லை.

கேள்வி: இருந்ததிலேயே சின்னப் பங்கு யாருடையது?
– வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: லீக்டன்ஸ்டைன் 40 பேர் தர வேண்டும். அதன் இளவரசர் யோஹான் ஆஸ்திரியப் படையின் தளபதி, அதாவது நெப்போலியனின் எதிரி முகாம். ஆகவே பணம் கொடுத்தார்கள்; 40 பேரை நாசா அரசு தன் ஊரிலிருந்து அனுப்பியது. லெயன் என்ற சிற்றரசின் பங்கு இன்னும் குறைவு, 29 பேர்.

கேள்வி: இரு பக்கமும் ஜெர்மானியர் நின்ற போர்க்களம் உண்டா?
– ஓய்வுபெற்ற ராணுவத்தினர், வேலூர்

பதில்: உண்டு. 1809 ஜூலையில், ஸ்பெயினின் தலவேரா. பிரெஞ்சுப் பக்கம் ஜெனரல் லெவாலின் ‘ஜெர்மன் டிவிஷன்’: பாடன், ஹெஸ்ஸே, நாசா, பிராங்க்பர்ட் வீரர்கள். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பக்கம் ‘கிங்ஸ் ஜெர்மன் லீஜன்’. 1803-இல் பிரெஞ்சுப்படை ஜெர்மன் அரசான ஹானோவரைப் பிடித்து அதன் ராணுவத்தைக் கலைத்தபோது, கடல் தாண்டி இங்கிலாந்து போனவர்களை வைத்து அந்நாட்டு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அமைத்த படை அது. வாட்டர்லூவில் லா ஹே செயின்ட் பண்ணையைக் காத்ததும் இந்த லீஜன்தான். மேஜர் பேரிங்கின் கீழ் சுமார் 400 பேர் தொடங்கினார்கள். அவர்களுடைய ரைஃபிளுக்கான தோட்டா தீர்ந்தது. கேட்டுக் கேட்டும் வரவில்லை. கடைசியில் அவரோடு வெளியே வந்தவர்கள் 42 பேர்.

கேள்வி: ஸ்பெயினில் போரிட்ட நாசா படை கட்சி மாறியது துரோகம் இல்லையா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: இல்லை என்றே நான் வாதாடுவேன். 2-ஆம் நாசா ரெஜிமென்ட் 1808-இல் ஸ்பெயின் போனது. ஐந்து ஆண்டு, நெப்போலியன் தோற்கத் தொடங்கிய பிறகும், கர்னல் கிரூஸே அதைக் கட்டுக்குலையாமல் நடத்தினார். 1813 அக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்ற பிறகு நாசா கோமகன் கூட்டமைப்பை விட்டு விலகி, ரகசியமாக ஆணை அனுப்பினார். அது கிடைத்த பிறகே, டிசம்பர் 10 இரவு பிரான்ஸின் பயோன் நகருக்கு அருகில், கிரூஸே தன் ரெஜிமென்டையும் பிராங்க்பர்ட் பட்டாலியனையும் வெலிங்டன் பக்கம் அழைத்துப் போனார். கைதிகளாக நடத்தக் கூடாது, ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவர் உறுதிமொழி எடுத்தது தன் கோமகனிடம். மீறாமல் போனார், மீறாமல் வந்தார். அங்கேயே இருந்த பாடன் வீரர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிரெஞ்சுக்காரர் அவர்களுடைய ஆயுதத்தைப் பறித்துவிட்டார்கள். 1815-இல் அதே நாசா ரெஜிமென்ட் நெதர்லாந்துப் படையோடு வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்றது. அப்போதும் ஸ்பெயினில் போட்டிருந்த அதே பச்சைச் சட்டைதான்.

கேள்வி: இந்த ஜெர்மானியருக்கும் நம் ஊருக்கும் தொடர்பு ஏதாவது?
– வாசகர், கடலூர்

பதில்: உங்கள் ஊரிலேயே! நெப்போலியன் அப்போது பள்ளிச் சிறுவன். மூன்றாம் ஜார்ஜ் இங்கிலாந்துக்கு ராஜா, ஹானோவருக்கும் ஆட்சியாளர். ஹானோவரில் இரண்டு ரெஜிமென்ட் திரட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மதராஸ் அனுப்பினார். 1783 ஜூனில் கடலூர்க் கோட்டையில் இருந்த பிரெஞ்சுக்காரரைத் தாக்கிய படையில் அவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: ரஷ்யாவில் மாண்டவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: மியூனிக் நகரின் கரோலினன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒரு கூம்புத் தூண் நிற்கிறது. 1812-இல் ரஷ்யா போய்த் திரும்பாத 30,000 பவேரியர்களுக்காக, மன்னர் முதலாம் லூட்விக் 1833-இல் எழுப்பியது. அவர்களும் தாய்நாட்டின் விடுதலைக்காகவே இறந்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. அவர்கள் போனது நெப்போலியனின் படையெடுப்புக்கு. அனுப்பியவர் லூட்விக்கின் அப்பா மாக்ஸ் யோசெப். அந்த வரியை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 30,000 என்ற எண்ணின் முன் நிற்கிறேன், அம்மா.