நறுக்கிய கத்திரிக்காயும் சிவப்பு ஒயினும்

கேள்வி: ஒயினில் பாலிஃபீனால் எவ்வளவு என்று உயிர் உணரி எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடித்துப் பார்த்தா?

பதில்: குடிப்பதில்லை, கறுக்க வைக்கிறது! கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட மறந்தால் கறுத்துவிடுகிறதே, அதே வேலைதான். காயிலுள்ள நொதி, பாலிஃபீனாலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துக் குயினோனாக மாற்றுகிறது; அதிலிருந்துதான் கறுப்பு வருகிறது. காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸ் நொதியைக் கார்பன் மின்முனையில் பூசினால் அதுவே உயிர் உணரி; அதில் ஒரு சொட்டு ஒயினை விட்டால், அங்கேயும் குயினோன் பிறக்கும். மின்முனை அதற்கு எலெக்ட்ரானைக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்பும். அப்போது ஓடும் மின்னோட்டம்தான் கணக்கு. நீலநிறத்தை வைத்துப் பாலிஃபீனாலை அளக்கும் பழைய ஃபோலின்-சியோகால்டோ சோதனையில் நிறம் முழுதாக ஏற 2 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். ஒயினிலுள்ள சர்க்கரையும் நீலத்தைக் கூட்டிக் காட்டிவிடும். உணரிக்குச் சில நிமிடம் போதும். ஆனால் நொதி சீக்கிரம் சோர்ந்துவிடும். எல்லாப் பாலிஃபீனாலுக்கும் ஒரே மாதிரி மசியாது. அதனால் பழைய சோதனையை இன்னும் மூட்டை கட்ட முடியாது.